முத்திரையில்லாத அறிக்கை

சவுரிராயன் மாடிப்படி ஏறி வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. பைக்குள் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதில் கால்வாசி மோர். திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டிய அந்தச் சிறிய துப்பறியும் அலுவலகத்தில் அவனை யாரும் எதிர்பார்க்கவில்லை. உதவியாளர் வேணிக்கு அவன் முகத்தைப் பார்த்ததுமே உடம்பு பற்றிக்கொண்டு எரிந்தது.

"தம்பி தென்னரசு செத்துட்டான் மேடம். விஷமாம். சோறு போட்டது என் சம்சாரம் அஸ்வினின்னு அவளைப் புடிச்சிக்கினு போயிட்டாங்க" என்றான்.

அலுவலகத்தை நடத்தும் கலைமதி நாற்காலியைக் காட்டினாள். வேணியால் சும்மா இருக்க முடியவில்லை.

"இங்க எதுக்குங்க வந்தீங்க? உங்க தம்பி பொண்டாட்டி அமலா செத்தப்ப நாங்க கொடுத்த ரிப்போர்ட்டை, அங்கீகாரம் இல்லாத லேபு, குப்பையில போடுன்னு உங்க வக்கீல்தானே கத்தினாரு? இப்ப குப்பை மணக்குதா?"

"திட்டுங்க. கேட்டுக்கறேன்" என்றான் அவன். "அவன் குடல், ஈரல் எடுத்த பாட்டிலை லேபுக்கு அனுப்பியிருக்காங்களாம். ரிப்போர்ட் வர ஒரு வருஷம் ஆவும்ங்கறாங்க. அதுவரைக்கும் அவ உள்ளதான். கொழந்தை இன்னும் பால் மறக்கல."

வேணிக்கு அந்த ஒரு வருடம் புதிதல்ல. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கைதான் செல்லும் என்ற விதி வந்தபின், இந்தப் பக்கத்து ஆய்வகங்கள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தின. மூன்று மாவட்டத்துப் பாட்டில்களும் எங்கோ தூரத்தில் இருந்த ஒரே இடத்துக்குப் போய்க் குவிந்தன. அரசு வேலையை விட்டுவிட்டு வந்து கலைமதி நடத்திய சின்ன ஆய்வகமும் அப்போதுதான் மூடப்பட்டது. அங்கீகாரத்துக்குக் கட்டணம் கட்டவும் புது மெஷின் வாங்கவும் அவளிடம் வசதி இல்லை. மெஷினை எடைக்குப் போட்டுவிட்டு, துப்பறியும் வேலைக்குப் போர்டு மாட்டினாள்.

அதற்குச் சற்று முன்னால்தான் அமலாவின் அம்மா குப்பம்மாள், மகள் கடைசியாகக் குடித்த காபி டம்ளரை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். பூச்சிமருந்தும் தூக்க மாத்திரையும் கலந்திருக்கிறது என்று கலைமதி எழுதிக் கொடுத்தாள். நீதிமன்றம் உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியது. அமலாவின் பாட்டில் இன்னும் வரிசையில் நிற்கிறது. அவளைக் கொன்றதாகக் கைதான தென்னரசு ஜாமீனில் வந்து அண்ணன் வீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"அன்னிக்குக் காலையில இருந்து சொல்லுங்க" என்றாள் கலைமதி.

"எழுந்தான். அவனுக்கு ஒடம்பெல்லாம் அரிப்பு, ரொம்ப வருஷமா. அதுக்கு எப்பவும் போடற மாத்திரையப் போட்டுக்கினான். அஸ்வினி பாட்டில்ல மோர் ஊத்திப் பையில வெச்சுக் கொடுத்தா. விழுப்புரம் போலீஸ் ஸ்டேஷன்ல தெனம் கையெழுத்துப் போடணுமே, பஸ் ஏறிட்டான். திரும்பி வந்து மோரைக் குடிச்சான், சோத்துல கை வெச்சான், அப்படியே சாஞ்சிட்டான். போலீசு தட்டை எடுத்துக்கினு போச்சு. பையை யாரும் பாக்கல."

"ஸ்டேஷனுக்குள்ள பையை எடுத்துக்கினு போவாரா?"

"விடமாட்டாங்க மேடம். வெளிய பெஞ்சுல வெச்சிட்டுத்தான் போவான்."

கலைமதி மோரை வாங்கி வைத்தாள். அவன் போனதும் குளிர்ப்பெட்டியைத் திறந்து, அமலாவின் டம்ளரிலிருந்து எடுத்து வைத்திருந்த மிச்சத்தையும் வெளியே எடுத்தாள்.

"அது எதுக்கு மேடம்? அதைத்தான் அப்பவே பாத்துட்டோமே."

"அப்ப நம்ம மெஷின் பழசு. பாண்டிச்சேரி காலேஜ்ல என் சிநேகிதிகிட்ட புதுசு இருக்குது. ரெண்டையும் ஒண்ணா ஓட்டிடலாம்."

மறுநாள் தாள்கள் கைக்கு வந்ததும் வேணி மோரின் தாளைப் பிடுங்கிப் படித்தாள்.

"அதே பூச்சிமருந்து. கூடவே தூக்க மாத்திரை. அமலாவுக்கு நாம எழுதினோமே, அச்சு அசல் அதேதான் மேடம். மிச்சம் வெச்சிருந்ததை அவனே குடிச்சிருக்கான். மனசு குத்தியிருக்கும்."

"அவனுக்கா?" என்றாள் கலைமதி. இன்னொரு தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மடித்துப் பைக்குள் வைத்தாள். "வா, விழுப்புரம் போவோம்."

குப்பம்மாளின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். மல்லாட்டை மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலைமுடியில் வேர்க்கடலைத் தோல் தூசி. சுவரில் மாதா படத்துக்குக் கீழே அமலாவின் படம். தென்னரசு செத்த சேதியைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"தெரியும். தெனம் போய் ஸ்டேஷனுக்கு எதிர்ல உக்காந்து பாப்பேன், அவன் கையெழுத்துப் போட வர்றதை. ரெண்டு நாளா வரல. விசாரிச்சேன், சொன்னாங்க."

"தூங்கறீங்களாம்மா?" என்று கேட்டாள் கலைமதி.

"டாக்டரு மாத்திரை கொடுத்தாரு. அதைப் போட்டா கனவுல எம்பொண்ணு வர்றதில்ல. நிறுத்திட்டேன்."

"மிச்ச மாத்திரை எங்க?"

குப்பம்மாள் மாதா படத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேணி ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்வையை மாற்றினாள். கலைமதி இரண்டு தாள்களையும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்தாள்.

"வேணி, அமலாவோடதைப் படி."

வேணி படித்தாள். பூச்சிமருந்து இருந்தது. தூக்க மாத்திரை இல்லை. அந்த இடத்தில் வேறு பெயர் இருந்தது.

"இது... அரிப்புக்குப் போடற மாத்திரை."

"ஆமா. அதுவும் அசத்தும். நம்ம பழைய மெஷினுக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரிஞ்சுது. நான் தப்பா எழுதிட்டேன்" என்றாள் கலைமதி. குரல் ஏறவில்லை. "தென்னரசு கலந்தது அவன் தெனம் போட்டுக்கினு இருந்த மாத்திரை. மிச்சத்தை அவனே குடிச்சிருந்தா மோர்லயும் அதுதான் இருக்கணும். அஸ்வினியோ அண்ணனோ கலந்திருந்தாலும் வீட்டுல கைக்கு எட்டினது அதுதான். மோர்ல இருக்கறது தூக்க மாத்திரை. அமலா காபியில தூக்க மாத்திரை இருந்துச்சுன்னு நினைக்கறவங்கதான் அதைப் போட முடியும். அப்படி நினைக்க வெச்சது என் அறிக்கை ஒண்ணுதான். கோர்ட்டு அதைப் பிரிக்கவே இல்ல. படிச்சது நான், வேணி, அப்புறம் நீங்க. அவன் பை தெனம் ஸ்டேஷன் வெளி பெஞ்சுல, உங்க கண்ணு முன்னாலதான் கெடந்துச்சு."

ஒரு கூட்ஸ் வண்டி கடந்து போனது. குப்பம்மாள் தரையில் கிடந்த தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எம்பொண்ணு எதைக் குடிச்சாளோ அதையே அவனும் குடிக்கணும்னு நெனச்சேன்" என்றாள். "அளவு கூட மாத்தல. இப்ப இன்னாடான்னா வேறன்ற."

"தப்பு என்னுதும்மா."

"அவ பட்ட மாதிரி அவன் பட்டானா?"

கலைமதி பொய் சொல்பவள் அல்ல. "எனக்குத் தெரியல" என்றாள்.

"அஸ்வினி உள்ள இருக்குதும்மா" என்றாள் வேணி மெதுவாக. "கைக்கொழந்தைக்காரி."

"இருக்கட்டும். ரிப்போர்ட் வரட்டும், பொறுத்துக்க, பொறுத்துக்கன்னாங்களே என்னை. எம்பொண்ணு எங்கியோ பாட்டில்ல ஊறிக்கினு இருக்கறா. அவன் காலை ஆட்டிக்கினு பஸ்சுல போனான். இப்ப அந்த ஊடும் பொறுத்துக்கினு இருக்கட்டும்." அவள் கலைமதியை நேராகப் பார்த்தாள். "உன் பேப்பர் அன்னிக்குச் செல்லல. இன்னிக்கும் செல்லாது. இன்னா பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் கலைமதி. "தப்பு வரக்கூடாதுன்னு விதி போட்டாங்க, அது நியாயம். நானே தப்புப் பண்ணியிருக்கேனே. ஆனா பதிலே வராமப் பண்ணிட்டாங்க. இனி தென்னரசு செத்துட்டான்னு அமலா கேசை மூடிடுவாங்க. அவ பாட்டிலை யாரும் திறக்க மாட்டாங்க. அவன் நல்லவனாவே போய்ச் சேர்ந்த மாதிரி ஆயிடும்."

குப்பம்மாள் நிமிர்ந்தாள்.

"ஆனா ஒருத்தர் மாஜிஸ்ட்ரேட் முன்னால போய், அவன் எம்பொண்ணுக்குக் கொடுத்ததை நான் அவனுக்குக் கொடுத்தேன்னு சொன்னா, அந்த வார்த்தை நெசமான்னு பாக்கறதுக்காவது ரெண்டு பாட்டிலையும் பக்கத்துல வெச்சுத் திறந்து பாத்தாகணும். தள்ளி வைக்க முடியாது."

"வாயால சொல்றதுக்கு அங்கீகாரம் வேணுமா?"

"வேணாம்."

குப்பம்மாள் எழுந்தாள். குடத்துத் தண்ணீரில் முகம் கழுவினாள், தலையைத் தட்டி முடிந்துகொண்டாள், வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். இவள் அஸ்வினிக்காக வரவில்லை என்பது அந்த நடையைப் பார்த்தபோதே வேணிக்குத் தெரிந்தது. அந்த நடையில் இரக்கம் என்பது துளியும் இல்லை. வேணிக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததே பயமாகவும் இருந்தது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே குப்பம்மாள் கேட்டாள். "அன்னிக்கு உன் கவரைப் பிரிக்காம தள்ளினாரே, அந்தக் கண்ணாடிக்கார மாஜிஸ்ட்ரேட்டு. அவருதான் இன்னும் உக்காந்திருக்காரா?"

"அவரேதான்."

"நல்லதாப் போச்சு" என்றாள். "கோர்ட்டுல எழுதற ஆளுகிட்ட சொல்லமாட்டேன். அவரு மூஞ்சைப் பாத்துத்தான் சொல்லுவேன்."