சுப்பராயலு வீட்டு முறை

வடக்குக் கழிமுகத்தில் தப்பி நின்ற கண்டல் மரங்களிலிருந்து, கரையில் நடுவதற்கு முளைக்காய்களைப் பறித்து, படகு நிறையக் கொண்டுவந்து பசியாவரத்துக் கரையில் இறக்கினேன். பொழுது சாயும் நேரம். கரையில் நிழலுக்குக்கூட ஒரு மரம் இல்லை. இருந்த காட்டை வெட்டிக் கரியாக்கி ஒல்லாந்தர் கோட்டைக்கு விற்றது நாங்கள்தான். வேறு யாரைத் திட்டுவது?

ஐப்பசிப் புயலில் கடல் தடையே இல்லாமல் ஊருக்குள் வந்தது. என் மாமனார் சுப்பராயலு வீட்டில் ஒருவர் மிஞ்சவில்லை. பிணம்கூடக் கிடைக்கவில்லை. மேட்டில் என் வீட்டில் இருந்ததால் என் மனைவி இருசம்மாள் மட்டும் பிழைத்தாள்.

அடுத்த புயலுக்குள் காடு வேர்பிடிக்காவிட்டால் மிச்ச ஊரும் போய்விடும். அதனால் கரைச் சேற்றை வீட்டுக்கு ஒரு பாத்தியாகப் பிரித்துக்கொண்டோம். ஏரியில் வலைபோட வீடு மாற்றி வீடு நாங்கள் வைத்திருக்கும் பாடு முறையேதான் இதற்கும். ஊர்ப் பெரியவர் திருவேங்கடம் வீட்டுப் பெயரைக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆள் "இருக்கோம்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் சேற்றில் இறங்க வேண்டும். ஆளில்லாமல் அழிந்துபோன வீட்டை மட்டும் கூப்பிடுவதே கிடையாது.

ஆனால் நட்டது எதுவும் நிற்கவில்லை. நடுவில் சுப்பராயலு வீட்டுக்கென்று விட்ட பாத்தி வெறுமையாகக் கிடந்தது. அந்தச் சந்து வழியாக அலை புகுந்து எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தது. திருவேங்கடத்துக்குப் புத்தி கெட்டது அப்போதுதான்.

"சுப்பராயலு வூடு!" என்று ஒரு காலையில் கூப்பிட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "இன்னா பெரிப்பா, செத்தவங்களயா கூப்புடறே? அந்தப் பாத்திய நான் நட்டுத் தரேன். என் பேரச் சொல்லு."

"ஒரு வூட்டுப் பாத்தில இன்னொரு வூடு எறங்கக் கூடாது, தேசப்பா. உன் பொண்டாட்டி அந்த வூட்டு ரத்தம்தானே? அவ கொரலு குடுக்கட்டும்."

"அவ என் வூட்டு ஆளுய்யா!"

இருசம்மாள் என்னைப் பார்த்தாள். ஊரைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள், "இருக்கோம்."

அவளோடு சேர்ந்து சேற்றுக்குள்ளிருந்தும் குரல்கள் அதையே சொல்லின.

எல்லோருக்கும் கேட்டது. இருசம்மாள் சேற்றில் இறங்கினாள்.

அந்தப் பாத்தியில் நட்டதெல்லாம் பிடித்துக்கொண்டது. ஊரே கொண்டாடியது. ஆனால் அன்றிலிருந்து இருசம்மாள் சோற்றைத் தொடவில்லை. எத்தனை தடவை துவட்டினாலும் அவள் தலைமுடியில் ஈரம் சொட்டியது. அழுகிய சேற்று வாடை வீட்டை விட்டுப் போகவேயில்லை.

"எங்க நைனா கூப்புடுதுய்யா. முறைக்கு ஆளு பத்தலியாம்."

"போவாதடி. உன் கால்ல வுழறேன், போவாத."

திருவேங்கடத்தின் காலிலும் விழுந்தேன். அந்த வீட்டிலிருந்து அவளை எடுத்துவிட்டு என் வீட்டுப் பெயரில் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன். "ஊரு பொழைக்கணுமா, வேணாமா?" என்று கேட்டார் அந்தப் பாவி. என் வேட்டி முனையை அவள் சேலையோடு முடிந்துகொண்டு படுத்தேன்.

பனி இறங்கிய விடியலில் விழித்தபோது முடிச்சு அப்படியே இருந்தது.

சேலைக்குள் அவள் இல்லை.

வாரக்கணக்கில் ஏரியைத் துழாவினேன். கிடைக்கவில்லை. அதற்குப்பின் கரைப்பக்கம் நான் போகவேயில்லை. ஊர் இருந்தால் என்ன, முழுகினால் என்ன? என் வீட்டு முறை வந்த காலையிலும் போர்த்திக்கொண்டு கிடந்தேன். வெயில் ஏறியபோது திருவேங்கடம் வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"தேசப்பா... காலைல நீ வரலியா?"

"வரல. போய்யா."

"உன் வூட்டுப் பேரக் கூப்ட்டேனே. 'இருக்கோம்'னு கொரலு வந்துச்சே. பொம்பளக் கொரலு."

விழுந்தடித்து ஓடினேன். ஒரு செடிகூட நிற்காத என் பாத்தியில் முளைகள் வரிசை பிசகாமல் நின்றன. சேறு இன்னும் கலங்கிக்கொண்டிருந்தது. மகராசி, அவள் என் வீட்டு ஆள்தான்! அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள்! நெஞ்சு வெடிக்க அழுதேன்.

"இருசம்மா! வாடி! நம்ம வூட்டுக்கு வந்துருடி!"

தொண்டை கிழியும்வரை கத்தினேன். தண்ணீர் மட்டும் அசைந்தது. இருட்டத் தொடங்கியதும் தள்ளாடி வீடு திரும்பினேன்.

அணைந்து கிடந்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

வாசற்படியில் ஈரச் சேற்றுக் கால்தடங்கள் உள்ளே போயிருந்தன. சின்னதும் பெரியதுமாக நிறைய.

"ஏன்யா வெளியவே நிக்கறே?" உள்ளேயிருந்து அவள் குரல். "நைனா, அண்ணனுங்க, எல்லாரும் வந்துக்கீறாங்க. வா."