பதினொன்றரைக்குப் பிரிந்த ஜோடிகள்

அக்டோபர், திங்கட்கிழமை, காலை 11:30. மெல்பர்னில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளிய மறுநாள்.

லித்தியம் அணுக்கள் அத்தனையும் அவற்றைப் பிடித்துவைக்கும் பொறிக்குள் பத்திரமாக இருந்தன. ஜோடிகள்தான் ஒன்றுகூட இல்லை.

ஆய்வு மாணவி டீகன் திரையை முறைத்தாள். இதற்குமேல் குளிர முடியாது என்ற அளவுக்குக் குளிர்ந்த வாயு அது. காந்தப்புலம் அசையாமல் நின்றால்தான் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேரும், உரசலே இல்லாமல் ஓடும். இரண்டு வாரமாகத் தினமும் கால் மணி நேரம் பிரிந்துபோகின்றன. அதுவும் சரியாகப் பத்தரைக்கு, ஆய்வகமே தேநீருக்குப் போயிருக்கும்போது. இன்று மட்டும் தாமதம்.

11:40. பேராசிரியர் ரோவீனா வந்தார். பின்னாலேயே சக மாணவன் ஆங்கஸ்.

“இன்னைக்கும் பத்தரைக்குப் போயிடுச்சாமே டீகன்? ஆங்கஸ் திரையில பார்த்துட்டு வந்து சொன்னான். போதும்மா. நாளையிலேர்ந்து மெஷின் அவனுக்கு.”

“இவ அப்பா ஐஸ்கிரீம் லாரிதானே ஓட்டுறாரு? குளிர் கெடாம வெச்சுக்கறது எப்படின்னு அவரைக் கேட்டுட்டு வரலாமே,” என்று சிரித்தான் ஆங்கஸ்.

“இதுவரைக்கும் அவர் லாரியில ஒரு பெட்டிகூட உருகினதில்ல. வாயை மூடு.”

மெஷின் போனால் மூன்று வருட ஆய்வு போச்சு. டீகன் காந்தச் சுருளைக் குளிர்வித்துத் திரும்பும் தண்ணீர்க் குழாயைத் தொட்டாள்.

“தொட்டுப் பாருங்க ரோவீனா, சுடுது. திரையில கரன்ட் மாறல. அப்போ கரன்ட்டை அளக்குற வளையம் பொய் சொல்லுது.”

மேசைக்கடியில் குனிந்தாள். வளையத்துக்குள் முடிபோல ஒரு கம்பி, எதிர்த்திசையில் சில சுற்று. முனையில் பேட்டரியும் டைமரும்.

“இதனால வளையம் குறைச்சுக் காட்டும். அதை ஈடுகட்ட மெஷின் கரன்ட்டை ஏத்தும். புலம் ஏறினா ஜோடி உடையும்.”

“யார் வேலை இது?”

“டைமர்ல மணியைப் பாருங்க. பத்து நாப்பது. நேத்து ஊரே கடிகாரத்தைத் தள்ளிச்சு, இதை யாரும் தள்ளல. இன்னைக்குப் பத்தரைக்கு ஒண்ணுமே நடக்கல, பதினொண்ணரைக்குத்தான் பிரிஞ்சுது, பதிவைப் பாருங்க. நடக்காததைப் பார்த்தேன்னு உங்ககிட்ட சொன்னது யாரு? நடந்தே தீரும்னு தெரிஞ்சவன்தான்.”

ரோவீனா பதிவைப் பார்த்தார். பிறகு ஆங்கஸைப் பார்த்தார்.

“எங்க பிரிஸ்பேன்ல கடிகாரத்தை யாரும் தொட மாட்டாங்க,” என்று முணுமுணுத்தான் அவன்.

“சாவியை வெச்சுட்டு வெளியே போ,” என்ற ரோவீனா, டீகனிடம் திரும்பினார். “மன்னிச்சிடும்மா.”

டீகன் கம்பியை உருவி எறிந்தாள்.

“மன்னிப்பு அப்புறம் இருக்கட்டும். அவன் முறை வர்ற நாளெல்லாம் இனிமே எனக்கு. எழுதிக் குடுங்க.”