ஆமைக்கு எத்தனை மடங்கு?

மக்கஸார் நகரப் பள்ளி ஒன்றின் சுவரில் தலையும் காலும் இல்லாத ஓர் ஆமை இருந்தது. ஓடு மட்டும்தான். அதை வரைந்த ஹஸ்னா மூன்று வாரமாக மருத்துவமனையில் இருந்தாள்.

"நாளைக்குச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறாங்க தென்ரி. இன்னைக்குள்ள முழுசா வரைஞ்சா விட்டுவைப்பாங்க, பாதிப் படத்தை வச்சிருக்க முடியாதும்மா" என்றார் டீச்சர்.

ஹஸ்னாவின் தோழி தென்ரி சுவரைத் திரும்பிப் பார்த்தாள். ஹஸ்னாவின் கைவண்ணம் என்று பள்ளியில் மிச்சமிருந்தது அந்த ஓடு மட்டும்தான்.

ஹஸ்னா முதலில் வரைந்த சின்ன ஆமை, கட்டத்தாளில் முழுசாக இருந்தது. சுவரிலும் அதே அளவுக் கட்டங்கள். மூலையிலிருந்து கட்டங்களைக் குறுக்கேயும் மேலேயும் எண்ணினால், ஓட்டின் ஒரு முனை தாளில் (2, 3). சுவரில் (8, 12). 'ஆறும் ஒன்பதும் கூட்டியிருக்கிறாள்' என்று நினைத்து, எல்லாப் புள்ளிகளுக்கும் அப்படியே கூட்டி நான்கு கால்களை வரைந்தாள் தென்ரி.

பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழன் ரிஸால் சிரித்தான். "என்ன இது, யானைக்குக் கோழிக் காலா? பேசாம எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா வரை. சுலபமா முடிஞ்சிடும்."

"ஓட்டை அழிக்க மாட்டேன்."

"அவ எப்ப வருவான்னு யாருக்குத் தெரியும்?"

தென்ரி கால்களை மட்டும் அழித்தாள். கண்ணீரில் கட்டங்கள் கலங்கின. தரையில் உட்கார்ந்து வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டில் இன்னொரு முனை: தாளில் (5, 2). சுவரில் (20, 8). ஆறும் ஒன்பதும் கூட்டினால் இது வரவே வராதே.

இருபதை ஐந்தால் வகுத்தாள். நான்கு. எட்டை இரண்டால் வகுத்தாள். நான்கு. முதல் முனைக்கும் நான்குதான்.

"ரிஸால், கூட்டல் இல்லடா. பெருக்கல். அளவுக் காரணி நாலு."

"அப்போ கால் நாலு மடங்கா?"

"தலையும்தான். நீ புள்ளியைப் படி, நான் வரையுறேன்."

மாலைக்குள் ஆமை முழுசானது. டீச்சர் படம் எடுத்து ஹஸ்னாவின் அம்மாவுக்கு அனுப்பினார். வெகுநேரம் பதிலே இல்லை. தென்ரி வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

கடைசியில் டீச்சரின் போனில் ஒரு குரல் வந்தது. நூல் மாதிரி மெலிந்த குரல்.

"பின்னங்கால் ஒரு கட்டம் தள்ளி இருக்குடி. கண்ணு சரியில்லையா உனக்கு?"

தென்ரி ஓடிப்போய் எண்ணிப் பார்த்தாள். உண்மைதான்.

ரிஸால் அழிப்பானை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"இருக்கட்டும். அவளே வந்து திருத்தட்டும்."