குறுக்குத் தையல்

கணவனின் சட்டையில் இரண்டாவது பொத்தானை வேறு யாரோ தைத்திருந்தார்கள். தையல்காரியின் கண்ணுக்கு அது தப்புமா? நாலு துளைப் பொத்தானை அவள் எப்போதும் குறுக்காகத்தான் தைப்பாள். இதில் நூல் இரண்டு நேர்கோடாக ஓடியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷனுக்கு ஒரு பொத்தானை மறைக்கத் தெரியவில்லை.

அவள் கேட்கவில்லை. பிரித்துக் குறுக்காகத் தைத்தாள். சில நாளில் மறுபடி நேர்கோடு. மறுபடி பிரித்தாள். முகம் பார்க்காத இரண்டு பெண்கள் ஒரு சட்டைக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வெட்கங்கெட்டவளே, அவன வெளிய தள்ளிக் கதவச் சாத்துடி," என்றாள் அக்கா.

"தள்ளிட்டா? அப்புறம் வராமலே போயிட்டாருன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?"

அந்த ஒரு பயம்தான் அவளுக்கு. எங்கே போனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறாரே, அது போதும் என்றிருந்தாள். அவ்வளவு ஆசை, பாழாய்ப்போன அந்த மனுஷன் மேல்.

அன்று பகலெல்லாம் மழை. விளக்கு வைக்கும் நேரத்தில், தையல் மெஷின் சத்தத்தையும் கூரையில் விழும் மழைச் சத்தத்தையும் தாண்டி, ஈரச் செருப்பு வாசலில் இழுபட்டு வருவது கேட்டது. கூடவே, வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தாற்போல ஒரு நெடி. அவர் வந்து மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். துண்டை நீட்டினாள், வாங்கவில்லை. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் இருந்தது. மூச்சுச் சத்தம் இல்லை.

போன் அடித்தது.

"அக்கா... நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும்." ஒரு பெண்குரல் அழுதது. "மத்தியானம் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தாரு. மூச்சு நின்னுபோச்சுக்கா. உங்ககிட்ட குடுக்க மனசு வரல. உயிர் வெளிய போயிடக் கூடாதுன்னு நெஞ்சத் தைச்சு வச்சேன். இப்ப கட்டில்ல ஆளக் காணோம். அங்க வந்தாரா?"

"வந்துட்டாரு," என்றாள். குரலில் பெருமைகூட இருந்தது, பாவி மகளுக்கு.

போனை வைத்துவிட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள். நெஞ்சின் நடுவே, மேலிருந்து கீழாக, கறுப்பு நூல். நேர்கோடு நேர்கோடாக. அடியில் பிரியத் தொடங்கியிருந்தது.

"என்னங்க..."

"வீட்டுக்கு வரணும்னு தோணுச்சு." உதடு அசையவில்லை.

அழுதாள். அழுதுகொண்டே கத்தரியை எடுத்தாள். மற்றவளுடைய நூலை முழுக்கப் பிரித்தாள். தன் ஊசியைக் கோத்தாள். குறுக்காக. மறுபடி குறுக்காக. சில்லிட்ட தோல். ரத்தமே இல்லை.

கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுக்கக் குனிந்தாள். எப்போதும் அப்படித்தான். அவர் நெஞ்சில் காது பட்டது. உள்ளே ஒன்றுமே இல்லை.

நிமிர்ந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்கள் எழுந்திருக்கப் பார்த்தன.

செத்தும் அவளிடமா?

நூலை அவள் அறுக்கவில்லை. இடது உள்ளங்கையை அவர் நெஞ்சில் அழுத்தி வைத்தாள். ஊசியை இறக்கினாள். கை. நெஞ்சு. கை. நெஞ்சு.

குறுக்காக.