எக்ஸ்ரே அறையில் யாருமில்லை

எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் ஒரு வேலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மௌரீன் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே படங்களைப் பத்திரப்படுத்தும் பேக்கப் சர்வர் அது. அதன் டேட்டாபேஸைப் புதிய லினக்ஸ் சர்வருக்கு மாற்றும் பொறுப்பு வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் தலையில். ஏற்கெனவே இருமுறை பாதியில் நின்றுபோயிருந்தது. திங்கள் காலை ஆபரேஷன்களுக்கு முன் டாக்டர்கள் அந்தப் படங்களைத் திறந்தாக வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம். பெங்களூர் தொம்மலூர் அலுவலகத்தின் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருக்க, சர்வர் அறையின் மின்விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, ஆறிப்போன காபியின் வாசனைக்கு அடியில் எங்கிருந்தோ ஈர மண்ணின் வாசனை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் இருந்த டெக்னீஷியன் சஞ்சயை அழைத்தாள்.

“எக்ஸ்ரே மெஷின் ஏதாச்சும் ஆன்ல இருக்கா?”

“இல்ல மேடம். மெயின் சுவிட்சையே ஆஃப் பண்ணி ரூமைப் பூட்டிட்டேன்.”

“அங்கேருந்துதான் படம் வந்துட்டே இருக்கு. அது ஓடுற வரைக்கும் டேட்டாபேஸ் லாக் விடமாட்டேங்குது, மாத்த முடியல.”

“கில் பண்ணிடுங்க மேடம். வீட்டுக்குப் போலாம். சாக்காயித்து, அலுத்துப்போச்சு.”

யாராவது நோயாளியின் படமாக இருந்தால் பழி தன்மேல் விழும். கடைசியாக வந்ததைத் திறந்து பார்த்தாள்.

மல்லாந்து கிடக்கும் உடலைப் பக்கவாட்டில் எடுத்த படம். விலா எலும்புகள். நெஞ்சின் மேல் கோத்த கைகள். இடது முன்கையில் உலோகத் தகடு. பெயர்: ஞானசேகரன்.

இந்த பேக்கப்பை அமைத்தவர் அவர்தான். அடுகோடியில் பைக்கிலிருந்து விழுந்து கையில் தகடு வைத்துக்கொண்டவர். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் அவளோடு ரயிலில் வந்து போனவர். “தூங்கு மௌரீனு, ஊர் வந்தா எழுப்புறேன்” என்பார். போன மாதம் மாரடைப்பு. கல்லறையில் பெட்டியை இறக்கியபோது அவளும் ஒரு பிடி மண் போட்டாள்.

படத்தில் இன்றைய தேதி.

அடுத்த படம் வந்தது. கோத்த விரல்கள் பிரிந்திருந்தன.

அடுத்தது. முழங்கைகள் மடங்கியிருந்தன.

அடுத்தது. உள்ளங்கைகள் மேலே எதையோ தள்ளிக்கொண்டிருந்தன. உடலுக்குச் சற்று மேலே, ஒரே வரிசையில், வெள்ளையாக ஆணிகள்.

அவருடைய மனைவி மெர்சிக்குப் போன் போட்டாள்.

“சொல்லு மௌரீனு. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?”

தோண்டச் சொல்ல வேண்டும். எந்த வார்த்தையால் சொல்வது?

“ஒண்ணுமில்லக்கா. சும்மாதான். அப்புறம் பேசறேன்.”

மூன்று நாள் தூக்கம் கண்ணுக்குப் பின்னால் கல்லாகக் கனத்தது. நாளைக் காலை. ஆபரேஷன்கள். யோசிக்கத் தெம்பில்லை. அந்த வேலையை நிறுத்தும் கட்டளையை அடித்தாள்.

வேலை நின்றது. லாக் விட்டது. கொஞ்ச நேரத்தில் புதிய சர்வரில் டேட்டாபேஸ் ஒரு பிழையும் இல்லாமல் எழுந்தது. அவளுக்கு அழுகை வந்தது. சோர்வில் வருகிற வெறும் அழுகை.

மண் வாசனை இப்போது தொண்டைக்குள்.

புதிய டேட்டாபேஸில் முதல் படம் வந்து விழுந்தது.

திறக்கக் கூடாது. திறந்தாள்.

ஆணிகள் அப்படியே இருந்தன. ஒன்றுகூட அசையவில்லை. கைகள் இன்னும் மேலேதான். விரல்களின் நுனி எலும்புகளைக் காணோம். தேய்ந்து போயிருந்தன.

மண்டையோடு மட்டும் திரும்பியிருந்தது.

அவள் பக்கம்.

வாய் முழுக்கத் திறந்திருந்தது.