படைவீரர்களுக்கு ஒதுக்கிய இடம்

"மேடம்... அந்த இடம் படைவீரர்களுக்கு ஒதுக்கினது."

கல்லூரி வாகன நிறுத்தத்தில் மரிசெலா காரின் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். அமெரிக்காவின் டகோமா நகரத்து நவம்பர் மழை சோம்பலாகத் தூறிக்கொண்டிருந்தது. எதிரே குடை இல்லாமல் ஒருவன்... கையில் காபி, தலைமுடியெல்லாம் நீர்த்துளி. கண்கள் மட்டும் மழைக்குச் சம்பந்தமில்லாமல் சிரித்தன. நல்ல கண்கள்தான். அதற்காக விட்டுவிட முடியுமா?

"தெரியும். படிச்சுட்டுத்தான் நிறுத்தினேன்."

"உங்க வீட்டுக்காரர் வண்டியா? அவரும் வந்திருந்தா பரவாயில்ல..."

வந்ததே கோபம் அவளுக்கு. எட்டு வருடம் ராணுவத்தில் மருத்துவ உதவியாளர்... இரண்டு முறை பாலைவனப் போர்முனைக்குப் போய் வந்தவள். ஊர் திரும்பியதிலிருந்து எத்தனை பேர் இதையே கேட்டுவிட்டார்கள்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. சார்ஜென்ட் மரிசெலா ஓச்சோவா, ராணுவம். நீங்க?"

அவன் முகம் வெளுத்துப் போனது. தன்னை அறியாமல் விறைப்பாக நின்றான். "டெல்ஃபின்... கடற்படை. மன்னிச்சிடுங்க, சார்ஜென்ட்."

"கடற்படைதானே... தரையில நடக்கிறது உங்களுக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் புரியும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்த நடையில் கல்லூரிக்குள் போனாள். படைவீரர் அலுவலகத்தைத் தேடிப் பிடித்து வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது கவுன்டருக்குப் பின்னால், துண்டால் தலையைத் துவட்டியபடி... அவனேதான். அங்கே பகுதிநேர வேலை பார்க்கும் மாணவன்.

"தரைக்கு வந்துட்டேன், சார்ஜென்ட். என்ன வேணும்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் விஷயத்தைச் சொன்னாள். ஜனவரியோடு நர்சிங் படிப்பை விட்டுவிடப் போகிறாள். ராணுவக் கல்விச் சலுகை கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடுகிறது, வாடகைக்கும் மாதாமாதம் பணம் தருகிறது. ஆனால் வகுப்பு நடக்கும் நாட்களுக்கு மட்டும்தான். கல்லூரிக்கு விடுமுறை என்றால் அந்தப் பணத்துக்கும் விடுமுறை, வாடகைக்கு மட்டும் விடுமுறையே கிடையாது. கிடங்கு ஒன்றில் முழுநேர வேலை காத்திருந்தது.

சொல்லி முடிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. நர்ஸ் ஆவது ஒன்றுதான் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது.

"கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டீங்களா?"

"அதான் ராணுவச் சலுகை இருக்கே."

"ரெண்டையும் சேர்த்து வாங்கலாம். ராணுவச் சலுகைய அவங்க வருமானமாக்கூட எடுத்துக்க மாட்டாங்க. கட்டணம் ஏற்கெனவே கட்டியாச்சு, அதனால இது அப்படியே வாடகைக்கு."

"எங்கப்பா வருமானத்தக் கேப்பாங்க..."

"படையில இருந்தவங்ககிட்ட அப்பா அம்மா கணக்கெல்லாம் கேக்க மாட்டாங்க. வேற சாக்கு இருக்கா?"

இருந்தது. அவள் தலையை நிமிர்த்தினாள். "ராணுவப் பணம் நான் உழைச்சு வாங்குறது. நீங்க சொல்றது இல்லாதவங்களுக்குத் தர்றது. எங்கப்பா யக்கிமா தோட்டங்கள்ல ஆப்பிள் பறிச்சுத்தான் எங்கள வளர்த்தாரு. ஒருத்தர்கிட்ட கை நீட்டினதில்ல. நானும் நீட்ட மாட்டேன்."

"கை நீட்டச் சொல்லல சார்ஜென்ட்... கையெழுத்துப் போடத்தான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அன்றோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு. ஆனால் மறுநாளும் ஏதோ சந்தேகம் கேட்க அவள் அந்தப் பக்கம் போனாள்... அதற்கு மறுநாள் சந்தேகமே இல்லாமல் போனாள். அவன் வீட்டிலிருந்து சுருட்டிப் பொரித்த லும்பியா என்ற பலகாரம் கொண்டுவந்தான். உப்பு குறைவு என்றாள். ஒன்று விடாமல் தின்றாள். மழை நாளில் அவன் சிரிப்பைப் பார்த்தால் போதும், கோட்டு தேவையில்லை போலிருந்தது. இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

படிப்பை விடுவதற்கான விலகல் தாளில் கையெழுத்திட வந்த அன்று கவுன்டரில் அவன் இல்லை. அலுவலகத்தை நடத்தும் வினெட்டா அம்மாள்தான் இருந்தார்.

"உள்ள தூங்குறான், பாவம். விடியறதுக்கு முன்னாடி மீன் மார்க்கெட்ல வெட்டுற வேலை, அப்புறம் வகுப்பு, அப்புறம் இங்க."

"அவருக்கும் அந்த உதவித்தொகை வருமே?"

"வரும். ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்வான், தனக்குன்னா மட்டும் போட மாட்டான். கேட்டா நழுவிடுவான்."

உள் அறையில் புத்தகத்தின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். விரல்களில் கத்தி கீறிய தடங்கள். மேசையை ஒரு தட்டு தட்டினாள்.

"ஏன் போடல?"

கண்ணைக் கசக்கியவன், அவளைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். "நீங்க குண்டு விழுற இடத்துல ஆளுங்களத் தூக்கினவங்க. நான்... கப்பல்ல முட்டை பொரிச்சவன். ராணுவச் சலுகை வாங்குறப்பவே கூசுது. அதுக்கு மேலயும் எப்படிக் கேக்குறது?"

எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அடிபட்ட பசங்களத் தூக்கிட்டு வந்து போட்டதும் முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? சூடா சாப்பிட ஏதாவது இருக்கான்னு. யாரோ ஒருத்தர் சமைச்சு வெச்சிருந்தாரு. அவர் பேர் எனக்குத் தெரியாது. ஆனா அவர நெனச்சா இன்னைக்கும் பெருமையா இருக்கு."

அவன் புத்தகத்தை மூடினான். கண்கள் கலங்கியிருந்தன.

"நீங்க போட்டா நானும் போடுறேன்," என்றாள்.

"உங்கப்பா...?"

"எங்கப்பா பறிச்ச பழத்துக்குக் கூலிய விட்டுட்டு வந்ததில்ல. இதுவும் நமக்கு உள்ளதுதான்."

பக்கத்துப் பக்கத்துக் கணினிகளில் உட்கார்ந்தார்கள். விலகல் தாள் கிழிந்து குப்பைக் கூடைக்குப் போனது. பெயர், படை, முகவரி... அடுத்து, திருமணம் ஆனவரா?

"இல்லன்னு போட்டாச்சு," என்றாள்.

"நானும்..." அவன் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான். "இன்னைக்குத் தேதிக்குத்தான் கேக்குறாங்க. அடுத்த வருஷம் மறுபடி புதுசா நிரப்பணும். அப்ப மாத்திக்கலாம்."

அவள் திரையையே பார்த்தாள். காது மடல் மட்டும் சிவந்துவிட்டது.

வெளியே வந்தபோது மழை வலுத்திருந்தது. படைவீரர் இடத்தில் நின்ற அவள் காரை நெருங்கியதும், பக்கத்து வண்டியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி டெல்ஃபினுக்குக் கை கொடுத்தார்.

"நாட்டுக்காக உழைச்சதுக்கு நன்றி தம்பி. இவங்க உங்க மனைவியா?"

மரிசெலா வாயைத் திறக்குமுன் டெல்ஃபின் முந்திக்கொண்டான். "இந்த இடமே இவங்களுதுங்க, ஐயா. இவங்க சார்ஜென்ட். ரெண்டு தடவ போர்முனைக்குப் போய் எத்தனையோ பேர் உயிரக் காப்பாத்தினவங்க. நான் கப்பல் சமையல்காரன், கூட வந்தவன்." மழையில் நனைந்தபடி நெஞ்சை நிமிர்த்தினான். "மனைவியான்னு கேட்டா... அத அவங்கதான் சொல்லணும்."

இத்தனை வருடம் அவளே சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனதை, இன்று ஒருவன் அவளுக்காக இவ்வளவு பெருமையோடு சொல்கிறான்...

"அடுத்த வருஷம் கேளுங்க, ஐயா," என்றாள்.

பெரியவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். டெல்ஃபின் அசையவில்லை.

"இப்ப... என்ன சொன்னீங்க?"

"உன்னை எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன். நனையாத, வண்டில ஏறு."