கொட்டையிலயே எண்ணெ இருக்குதே

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டகையில் ஈ காக்கை கிடையாது. மேஸ்திரி கதிர்வேல் மட்டும் தோலுரித்த பருப்பைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தான். சிவப்புத் தோல் குப்பைக்கு நடுவே ஒன்று மட்டும் வெளுத்துக் கிடந்தது. எடுத்துப் பார்த்தான். முந்திரித் தோல் இல்லை. அதில் வரிவரியாய்க் கைரேகை ஓடியது.

உதறிவிட்டுக் கையைக் கைலியில் துடைத்தான். இங்கே கொட்டை உடைத்த சவரியம்மாள் ஞாபகம் வந்து தொலைத்தது. கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் விளக்கெண்ணெய் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். இல்லாவிட்டால் ஓட்டிலிருந்து கசியும் கறுப்பு எண்ணெய் பட்ட இடமெல்லாம் வெந்து உரிந்துவிடும். அந்த விளக்கெண்ணெயை நிறுத்திய புண்ணியவான் இவன்தான்.

"எண்ணெ குடுங்க மேஸ்திரி, கை எரியுது" என்று போன மாதம் அவள் கெஞ்சினாள்.

"கொட்டையிலயே எண்ணெ இருக்குதே, அதையே தடவிக்க" என்றான், எல்லோரும் சிரிக்கும்படி.

ரோஷக்காரி. அவன் கண்முன்னாலேயே தடவிக் காட்டினாள். உள்ளங்கைத் தோல் இரண்டும் கழன்று, சீழ் வைத்து, கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அன்றைக்கும் இந்தப் பாவி மேஸ்திரிக்குப் பிரியாணி இறங்கத்தான் செய்தது.

டக்.

தகரக் கூரை வெயிலில் முனகுகிறது, மூட்டைக்குள் எலி ஓடுகிறது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே திரும்பியவனுக்கு, ஓடு கருகும் காரமான நெடி தொண்டையைக் கவ்வ, மூலையில் கொட்டை உடைக்கும் மெஷினின் கைப்பிடி தானாக ஏறி இறங்குவது தெரிந்தது.

டக். டக்.

விரல் அரித்தது. சொறிந்தான். தோல் சருகாய் உதிர்ந்தது. எரிச்சல் மணிக்கட்டுக்கு ஏறியது. தோளுக்கு. கழுத்துக்கு. கதவை இழுத்தான். வரவில்லை.

"யாராச்சும் எண்ணெ கொண்டாங்களேன்!"

மெஷின் நின்றது.

"தோ வந்துட்டேன் மேஸ்திரி."

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. உள்ளங்கையில் தோல் இல்லை. கறுத்த, பிசுபிசுத்த எண்ணெய். நெற்றியில். இமையில். கன்னத்தில். பிள்ளைக்குத் தேய்த்துவிடுகிற மாதிரி, பொறுமையாக.

"கொட்டையில இருந்ததுதான்."

அப்புறம் நகம். காதோரம் நுழைந்தது. விளிம்பைத் தேடிப் பிடித்தது. இழுத்தது.

"பாருங்க, உடையாம முழுசா வந்துடுச்சி."

பருப்புத் தட்டில் அவன் முகம் விரித்து வைக்கப்பட்டிருந்தது, மீசையோடு. கதிர்வேல் அதைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தான்.

இமையும் தட்டில்தான் இருந்தது.